நோயாளியின் மொழியைக் கற்ற வைத்தியர்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவில், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தாயாரோடு ஊவா மாகாணத்து மருத்துவமனை ஒன்றில் விடியும்வரை இருக்க நேர்ந்தது. அம்மையார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். கடும் மூச்சிரைப்போடு கொண்டுவரப்பட்டிருந்தார். அவ்வேளை கடமையில் இருந்தவர் இளம் வைத்தியர் ஒருவரே. இதயத்துக்கென்றோ நுரையீரலுக்கென்றோ தனிப் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆயினும் நிபுணர் வந்து சேரும்வரை அந்த உயிரைப் பிடித்து வைக்கும் பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது. நல்ல மனிதர், தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் வினவியவற்றை நான் தமிழில் வினவினேன். சயனிக்கும்போது சுவாசம் தடைப்படுகின்றதா, சிறுநீர் குறைந்துள்ளதா என்று கேட்டேன். அம்மையார் என்னைத் திகைத்து நோக்கினார். அருகில் நின்ற மருமகள் அதனையே லயத்துப் பேச்சில், சாய்ந்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்ட மாத்திரத்தில் விடைகள் வந்தன. இரண்டு வாரமாகவே அவர் இரவில் குந்தியிருந்துதான் உறங்கினாராம். கால் வீங்கியதைப் பனியென்று எண்ணினாராம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கின்றது என்பதை வைத்தியர் உணர்ந்தார். நிமிர்த்தி இருத்தி, பிராணவாயு கொடுத்து, நீரிறக்கும் மருந்தை ஊசிமூலம் ஏற்றினார். விடியுமுன் மூச்சு தணிந்தது.

பண்டிதன் என்ற என் செருக்கும் அவ்விரவே தணிந்தது. அப்போது என் நெஞ்சில் வந்து நின்றவர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் வாழ்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர். அவர் வரலாற்றை வாசகர் அறிந்திருப்பர். எனினும் மலைநாட்டிலிருந்து நோக்கும்போது அது வேறொரு பொருள் தருகின்றது.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தார். அவருடைய தமையனார் அன்ட்ரூ கிறீன், பின்னாளில் நியூயோர்க் பெருநகரை உருவாக்கியவருள் முதல்வராகப் போற்றப்பட்டவர். தம்பியாரோ 1845 இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்தார்.

அக்காலத்து வைத்தியரின் கைகளில் என்ன இருந்தது என்பதை இன்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஈதர் என்னும் மயக்க மருந்து சத்திர சிகிச்சைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு இன்னும் பிறக்கவில்லை. வாந்திபேதி ஊரை அள்ளிக்கொண்டு போகும். அதற்குக் காரணம் நீர் என்று இலண்டனில் ஜோன் ஸ்நோ காட்டியது 1850களில். இழந்த நீரையும் உப்பையும் நாளத்தின் வழி மீள ஏற்றலாம் என்று ஸ்கொத்லாந்தில் தோமஸ் லாற்றா 1832 இலேயே செய்து காட்டியிருந்தும், அது வழக்கத்துக்கு வரவில்லை. அனுப்பி வைக்க மேலான நிபுணர் எவரும் அருகில் இல்லை. பிரசவத்தில் தவிக்கும் பெண், மாட்டுக் கொம்பு கிழித்த வயிறு, கண்ணில் விழுந்த படலம், பேதியில் வற்றிக் கிடக்கும் குழந்தை ஆகிய எல்லாம் ஒரே மனிதர் வாசலுக்கே வரும். இத்தகைய வைத்தியருக்கு மருந்துப் பெட்டிக்கு முன் வேண்டுவது நோயாளியின் பேச்சு. இதனை உணர்ந்தமையே கிறீனின் பெருமை.

1848 இல் அவர் மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. பயன் என்ன? கற்றுத் தேறியவர் பலர் அரசாங்கச் சம்பளத்தை நாடி அயலூர்களுக்குச் சென்றனர். கிராமம் முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தது. அன்றியும், ஆங்கிலத்தில் கற்ற அறிவு திண்ணையில் கிடக்கும் நோயாளியிடம் இறங்கி வரவில்லை. ஆகவே, பத்தாண்டு உழைத்துத் தாயகம் சென்று, 1862 இல் மணம் புரிந்து மனைவியாரோடு மீண்ட கிறீன், அந்த 1860களில் மேலைநாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

துணிந்தவருக்கு நூல்கள் இல்லை, சொற்களும் இல்லை. முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடுக, கிடையாவிடின் வடசொல்லைக் கொள்க, அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுக என்பது அவர் கொண்ட நெறி. உடற்கூற்று நூலொன்றை 1852 இலேயே தமிழில் தந்திருந்தார். பிரசவ வைத்தியம் 1857 இலும், இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வெளிவந்தன. கெமிஸ்தம் 1875 இல் வந்தது. டான்வர்த், சாப்மன் முதலிய மாணவரே மொழிபெயர்ப்பில் அவருக்கு வலக்கை ஆயினர். இவற்றுள் 1872 இல் வந்த வைத்தியாகரம் என் பொருளுக்கு மிக நெருங்கியது. ஹூப்பர் என்பார் எழுதிய ஆங்கில மூலத்தின் பெயருக்கு, என்னோடு வா என்பது பொருள். தனியே நின்று எல்லா நோயையும் எதிர்கொள்ளும் பொது வைத்தியன் கையோடு கொண்டு செல்வதற்கென்றே அமைந்த நூல் அது.

இளமையில் இந்நூற் பெயர்களைக் கண்டு நான் நகைத்ததுண்டு. சுகரணம், அங்காதிபாதம் என்பன தமிழா என்று கேட்பேன். இன்று அவ்வாறு கேட்க நா எழவில்லை. பிறமொழியாளர் ஒருவர், மரணம் வாசலில் நிற்கும் வேளைக்குச் சொல் தேடினார். நானோ தமிழே தொழிலாகக் கொண்டும் ஓர் ஏழைத் தாயிடம் மூச்சைப் பற்றிக் கேட்க அறியாமல் நின்றேன்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். கிறீன் மானிப்பாயில் நூல் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து வந்த பல்லாயிரவர் இம்மலைகளில் கோப்பிக்காட்டைத் திருத்திக்கொண்டிருந்தனர். வழியிலும் லயத்திலும் பேதியும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டன. கோப்பிச் செடியைக் கொன்ற இலைநோய் முதலிற் காணப்பட்டது 1869 இல், நம் மடுல்சீமையில். செடியின் நோய்க்காகத் துரைமார் அலறினர். மனிதரின் நோய்க்காகத் தோட்டப் பகுதிகளில் வைத்திய வசதி செய்யும் சட்டம் 1872 இல் வந்தது. வைத்தியாகரம் அச்சேறியதும் அதே ஆண்டுதான்! ஆனால் அச்சட்டமும் இந்நூலும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. தமிழில் கற்ற கிறீனின் மாணவருக்கு அரசாங்க உத்தியோகம் அரிதாயிற்று. தமிழ் நோயாளிகள் நிறைந்த மலையில் அந்நூல்கள் வேர்கொள்ளவில்லை.

கிறீன் குற்றமற்றவர் என்று நான் கூறவில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர். அந்நோக்கத்தை ஒருபோதும் மறைக்கவுமில்லை. நம் சித்த வைத்தியத்தின் அருமையை அவர் முற்றும் உணர்ந்தாரென்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் மாணவர் தம்முடைய உடையையும் நடையையும் விடாது தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று விரும்பினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை ஆக்கினார். உடல்நலம் குன்றி 1873 இல் தாயகம் திரும்பிய பின்னும், கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் நூற் பணியை விடவில்லை. அவரின்றி மானிப்பாயில் அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1884 மே 28 இல் அவர் காலமானார். பேதியின் கிருமியை றொபேட் கொக் உலகுக்கு உறுதிப்படுத்திய ஆண்டும் அதுவே. தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்பதே வூஸ்ரரில் அவர் கல்லறை கூறும் அடையாளம்.

இன்று உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் பேதி நோயாளியைக் காக்கிறோம். பிராணவாயுவும் நாளத்திலேற்றும் மருந்தும் மாவட்ட மருத்துவமனைகளில் உள்ளன. தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எனினும், நள்ளிரவில் தோட்டத்திலிருந்து வரும் நோயாளிக்கும் இளம் வைத்தியருக்கும் நடுவே ஒரு மருமகள் நின்றால் உயிர் தப்புகின்றது. அவள் இல்லாவிடின் என்னாகும் என்று எண்ண அஞ்சுகின்றேன்.

அம்மையார் தேறி வீடு திரும்பினார். அந்த மருமகளிடமிருந்து லயத்து மக்கள் நோயைக் குறித்து வழங்கும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இருநூறுக்கு மேல் சேர்ந்துள்ளன. அவற்றுக்கு நேரான சிங்களச் சொற்களை என் நண்பரான பிக்கு ஒருவர் எழுதித் தருகின்றார். முடிந்ததும் அவ்விளம் வைத்தியரிடமே முதற் பிரதியைக் கொடுப்பேன்.