பிணி வென்ற சமந்தபத்திர ஆசாரியர்

சமந்தபத்திர சுவாமிகளின் திருப்பெயரை அறியாத குடும்பம் நம்மிடையே இராது. ஆப்தமீமாம்சை அருளிய பேரறிஞராகவே அவரைப் போற்றி வருகிறோம். கொடிய பிணியுற்றும் உள்ளம் தளராது மீண்டவர் அவர் என்பதை இளைய தலைமுறைக்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

அவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர் என்பது மரபு. பிற்காலத்தவர் எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். உரகபுரத்து அரச குலத்தில் தோன்றியவர் என ஓர் ஏட்டுக் குறிப்பு கூறும். அரச வாழ்வைத் துறந்து திகம்பர முனிவரானார்.

துறவு வாழ்வின் நடுவே பஸ்மகம் என்னும் நோய் அவரைப் பற்றியது. உண்டதையெல்லாம் உடனே எரித்துவிடும் அடங்காப் பசி அது. மணிமேகலையில் காயசண்டிகையை வருத்திய யானைத்தீயை ஒத்தது. நாளுக்கு ஒரு முறை, கையே கலமாக, நின்றவாறு உண்ணும் முனிவர் இப்பசியை எங்ஙனம் தணிப்பார்? விரதம் கெடுமுன் உடலைத் துறப்பதே நன்றெனக் கருதி, சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குருவோ இசையவில்லை. அவரால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி மிகவுண்டு என்றுணர்ந்து, நோய் நீங்கும்வரை முனிக்கோலத்தை விடுத்து, பின்னர் மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார்.

கண்ணீருடன் கோலம் துறந்தவர் சிவகோடி மன்னனின் கோயிலை அடைந்தார். அவ்விடம் காஞ்சி என்று சில நூல்களும் காசி என்று சில நூல்களும் கூறும். அங்குப் படைக்கப்பட்ட திரளான அன்னத்தை நாள்தோறும் உண்டார். பிணி தணியத் தணிய அன்னம் மிஞ்சலாயிற்று. அதனாலேயே ஐயம் எழுந்தது. மன்னன் முன் நிறுத்தப்பட்டபோது 24 தீர்த்தங்கரரையும் துதித்தார். எட்டாமவராகிய சந்திரப்பிரபரைப் பாடுகையில் அப்பெருமானின் திருவுருவம் தோன்றியது என்பர். அத்துதியே சுயம்பு தோத்திரம். அவர் பஸ்மகத்தை வென்ற செய்தியைச் சிரவணபெளகொளாவில் கி.பி. 1129இல் பொறிக்கப்பெற்ற மல்லிஷேணர் கல்வெட்டும் குறிக்கின்றது. பிணி நீங்கியதும் மீண்டும் தீட்சை பெற்றார்.

நோயைத் தணித்தது உணவு. உள்ளத்தைக் காத்தது அருகன் நினைவு. இரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பவில்லை. இரத்தினகரண்டகத்தில் சாமாயிகத்தை இல்லறத்தார்க்கும் விதித்தார். காடாயினும் வீடாயினும் கோயிலாயினும், சந்தடியற்ற இடத்தில் அமர்ந்து, குளிரையும் வெப்பத்தையும் கொசுக்கடியையும் பொறுத்து, உடல் வேறு உயிர் வேறு என எண்ணுதலே அப்பயிற்சி. தீர்க்கவியலாத நோய் போன்ற இடர்களுக்கே சல்லேகனையை உரியதாக்கினார். வாழ்நாள் விரதத்தோடு, கால வரையறையுள்ள விரதத்தையும் வகுத்தார். இவற்றைத் தமிழில் அருங்கலச்செப்பு வழி நாம் பயிலலாம்.

நம் இல்லங்களில் நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் முதியோர் பலர், உபவாசம் இயலாமற் போனதே என மனம் புழுங்குகின்றனர். சிலர் மருந்தையே விடுத்து நோன்பிருக்கத் துணிகின்றனர். ஆசாரியரின் வரலாறு இவர்கட்கே உரியது. உடல் தாங்காத விரதத்தை ஒத்தி வைத்தல் இழுக்கன்று. சாமாயிகத்தை எவரும் ஒத்தி வைக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தார் மூச்சுப் பயிற்சியின் பயனை ஆராய்ந்துள்ளனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மாமல்லபுரக் கடற்கரைக் குப்பங்களையும் தாக்கியது. நாகப்பட்டின முகாம்களில் வாழ்ந்த 183 பேரிடையே யோக மூச்சுப் பயிற்சி ஆராயப்பட்டது. பயின்றோரின் அச்சமும் சோர்வும் 6 வாரங்களில் பெரிதும் குறைந்ததாக 2010இல் வெளிவந்த ஆய்வு தெரிவிக்கிறது.

செங்கற்பட்டு மாவட்டத்து ஆனந்தமங்கலக் குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. ஓர் அடிகளுக்கு உணவளிக்க 5 கழஞ்சு பொன் அளித்த செய்தியை அங்குள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு கூறும். உடலைப் பேணுதலும் அறமே எனத் தெளிந்தவர் நம் முன்னோர். அன்பர்கள் குடும்பத்துடன் அக்குன்றுக்குச் சென்று, இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அமைதியாக அமர்ந்து வருவார்களாக. நடக்க இயலாத பெரியோர்க்கு வீட்டின் ஒரு மூலையே போதும். ஆசாரியர் அதற்கும் இடம் தந்துள்ளார்.