கேள்வி நேரத்துத் தீரர்

நுழையும்முன்

மக்கள் செலுத்தும் வரிப்பணம் எங்கே செல்கிறது? அப்பணத்தால் யாருக்கு வேலை கிடைக்கிறது? நாட்டைக் காக்கும் படைக்குரிய கருவிகள் எங்கே, யாரிடம் வாங்கப்படுகின்றன? மக்களாட்சியில் இவை இயல்பாக எழும் கேள்விகள். ஆனால் மக்களாட்சி மலராத காலத்தில், அயலவர் ஆட்சியின் உயர் அலுவலர்களை நேருக்கு நேர் நோக்கி இவற்றை எழுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்களுள் முன்வரிசையில் நின்ற தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

திருமயம் முதல் சென்னை வரை

புதுக்கோட்டை அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். இளமையிலேயே தந்தையை இழந்த சத்தியமூர்த்தி, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்று, புகழ்பெற்ற வழக்கறிஞர் சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார்.

வழக்கு மன்றம் அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கற்றுத்தந்தது. ஆவணத்தை முழுதும் படிக்காமல் வாய் திறத்தல் கூடாது என்பது ஒன்று. சாட்சியிடம் கேட்கும் கேள்வி சுருக்கமாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. நாடகக்கலையில் அவர் கொண்டிருந்த ஈடுபாடு மூன்றாவது பயிற்சியாக அமைந்தது. சுகுண விலாச சபையின் மேடையில் பம்மல் சம்பந்தனாரின் 'மனோகரா' நாடகத்தில் நடித்தவர் அவர். எந்தச் சொல்லை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் குரல் அறிந்திருந்தது.

1919இல் காங்கிரசுக் குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்று இந்தியாவின் குறைகளை எடுத்துரைத்தார். 1923இல் சுயராச்சியக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1930இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் தேசியக்கொடியை ஏற்ற முயன்றதற்காகச் சிறை சென்றார். அஞ்சாமையால் மக்கள் அவரைத் 'தீரர்' என்று அழைத்தனர்.

அதிகாரமற்ற அவை

1934ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி மத்தியச் சட்டப்பேரவைக்குத் தேர்தல் நடந்தது. சென்னை நகரத் தொகுதியில் சத்தியமூர்த்தி வென்றார். 1935இல் அவை கூடியபோது புலாபாய் தேசாய் காங்கிரசுக் கட்சியின் தலைவரானார், சத்தியமூர்த்தி பின்னர்த் துணைத்தலைவரானார்.

அந்த அவையின் இயல்பை அறிந்தால்தான் அவருடைய பணியின் அருமை விளங்கும். 145 உறுப்பினர்களுள் 104 பேரே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; ஏனைய 41 பேர் அரசால் அமர்த்தப்பட்டவர்கள். ஏறத்தாழ 35 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் இத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் 14 லட்சம் பேர் அளவினரே. அரசின் துறைகளை நடத்தியவர்கள் வைசிராயின் நிருவாகக் குழுவினர். அவர்கள் இலண்டனுக்குப் பொறுப்பானவர்களே அன்றி, அவைக்குப் பொறுப்பானவர்கள் அல்லர். வாக்கெடுப்பில் தோற்றாலும் அவர்கள் பதவி விலக வேண்டியதில்லை.

படைச்செலவின் நிலை இதனினும் கொடியது. 1930களின் நடுவில் அச்செலவு ஆண்டுக்குச் சுமார் 45 கோடி ரூபாய். மைய அரசு தன் வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் படைக்கே செலவிட்டது. ஆயினும் அத்தொகையின்மீது வாக்களிக்கும் உரிமை அவைக்கு இல்லை. மக்கள் தந்த பணம். மக்களின் சார்பாளர்களோ அதைக் குறைக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

வாக்குக்கு வலிமையில்லாத அவையில் எஞ்சியிருந்த வலிமை ஒன்றே. அதுதான் கேள்வி கேட்கும் உரிமை.

கேள்வி என்னும் கருவி

அவை கூடியதும் முதலில் வருவது கேள்வி நேரம். உறுப்பினர்கள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்விகளை அனுப்புவர். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அரசு அவையிலேயே வாய்மொழியாக விடையளித்தல் வேண்டும். அவ்விடையிலிருந்து துணைக்கேள்விகளை எழுப்பலாம். முதற்கேள்விக்குரிய விடையை அலுவலகத்தில் எழுதி எடுத்துவரலாம். துணைக்கேள்விக்கு அங்கேயே சிந்தித்து விடை கூறியாக வேண்டும்.

சத்தியமூர்த்தியின் திறம் இத்துணைக்கேள்வியில்தான் ஒளிர்ந்தது. அரசின் அறிக்கைகளையும் வரவு செலவுக் குறிப்புகளையும் முன்பு அளிக்கப்பட்ட விடைகளையும் கற்றுக்கொண்டே அவர் அவைக்கு வருவார். விடையிலுள்ள ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அடுத்த கேள்வியைத் தொடுப்பார். பொருள் பரிசீலனையில் உள்ளது என்று விடை வந்தால், எந்த நாளிலிருந்து, யாருடைய பரிசீலனையில், எப்போது முடியும் என்று தொடர்வார். கேள்வி நேரத்தில் அரசு அலுவலர்களுக்கு அவர் சிம்மசொப்பனமாக விளங்கினார்.

அரசு விடை கூற மறுக்கும் நாள்களும் உண்டு. பொதுநலன் கருதிக் கூற இயலாது என்பது அக்காலத்து அரசின் அரண். ஆனால் மறுப்பும் அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். அரசு எதை மறைக்கிறது என்பதை நாடு அறிந்துகொள்ளும். கேள்வியின் பயன் விடையில் மட்டும் அடங்கிவிடுவதன்று.

படையில் யாருக்கு இடம்?

படையை இந்தியமயமாக்குதல் சத்தியமூர்த்தி மீண்டும் மீண்டும் வலியுறுத்திய பொருளாகும். இந்தியப் படையில் வீரர்கள் பெரும்பாலோர் இந்தியர். ஆணையிடும் அலுவலர்களோ பெரும்பாலும் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் சாண்டர்சுட்டுப் படைக்கல்லூரியில் 1918இல்தான் இந்தியர்க்கு இடம் திறந்தது. அதுவும் ஆண்டுக்குப் பத்து இடங்களே. 1923இல் வகுத்த திட்டமோ இந்திய அலுவலர்களை எட்டுப் படைப்பிரிவுகளுக்குள் ஒதுக்கிவைத்தது. இந்தியரின் கீழ் ஆங்கிலேயர் பணியாற்ற நேரலாகாது என்பதே அதன் உட்கிடை. 1932இல் தேராதூனில் இந்தியப் படைக்கல்லூரி தொடங்கியபோதும் முதல் அணியில் சேர்ந்தோர் 40 பேர் மட்டுமே.

இந்த வேகத்தில் சென்றால் படை எந்த ஆண்டில் இந்தியருடையதாகும்? எளிய கணக்குக் கேள்விதான். ஆனால் அதற்கு ஆண்டு குறித்து விடையளித்தால் ஆட்சி முடியும் நாளைக் குறித்ததாகிவிடும். விடையளிக்காவிட்டால் இந்தியரைத் தன்னாட்சிக்குப் பழக்குவதாகக் கூறிவந்த சொல் பொய்த்துவிடும்.

சென்னை மாகாணத்தவர்க்கு இதில் தனியொரு புண் இருந்தது. சில இனத்தவரே போர்க்குணம் உடையவர் என்று வகுத்த ஆங்கில அரசு, படைக்கு ஆள் எடுப்பதைப் பெரிதும் பஞ்சாபை ஒட்டிய வடமேற்குப் பகுதிகளில் குவித்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உருவாகிப் பல போர்க்களங்களைக் கண்ட சென்னைப் படையணிகள் 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டன. ஒரு மாகாணத்தின் வரி இனித்தது. அதன் இளைஞனோ வேண்டாதவனானான். இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில், 1941இல், சென்னைப் படையணி மீண்டும் எழுப்பப்பட்டது. முன்பு கூறிய இனக்கோட்பாடு எவ்வளவு பொருளற்றது என்பதை அரசின் செயலே மெய்ப்பித்தது.

எங்கே வாங்குவது?

வேலைவாய்ப்புக் கேள்வி கொள்முதல் கேள்வியோடு பின்னிக்கிடந்தது. படைக்கும் இருப்புப்பாதைக்கும் வேண்டிய பொருள்களை இலண்டனிலிருந்த இந்திய உயர் ஆணையரின் கொள்முதல் துறை வாங்கி அனுப்பிவந்தது. 1922இல் இந்தியாவிலேயே ஒரு பண்டகக் கொள்முதல் துறை ஏற்பட்டது. உறுப்பினர்களின் நெடிய வற்புறுத்தலுக்குப் பின், ரூபாயில் விலை குறித்து இந்தியாவில் ஒப்பந்தப்புள்ளி கோரும் முறை 1931இல் வந்தது. ஆயினும் பீரங்கி, வானூர்தி முதலிய படைக்கலங்களுக்கு நாடு இங்கிலாந்தையே நம்பியிருந்தது.

ஒரு பொருளை எங்கே வாங்குகிறோமோ அங்கே உலை எரியும். அங்கே தொழிலாளி கூலி பெறுவான். அங்கே இளம் பொறியாளன் தொழில் கற்பான். எனவே இலண்டனில் கையொப்பமாகும் ஒவ்வொரு கொள்முதல் ஆணையும் இந்திய இளைஞன் ஒருவனுக்கு மூடப்பட்ட கதவு. படையை இந்தியமயமாக்குதல் என்பது அலுவலர் பதவியோடு முடிவதன்று. படையின் பண்டகசாலையையும் இந்தியமயமாக்குதலே அதன் முழுமை.

கொங்குநாட்டின் பங்கு

சத்தியமூர்த்தியோடு அதே தேர்தலில் வென்று தில்லி சென்ற மற்றொரு தமிழர், திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம். சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்கள் சேர்ந்த பெருந்தொகுதியின் உறுப்பினராக அவர் 1935 முதல் 1945 வரை விளங்கினார். பின்னாளில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு வித்திட்டவராகவும் நாம் அறியும் அப்பெருமகனார், அன்று முப்பத்தோர் அகவை நிரம்பிய இளைஞர்.

திருப்பூர் அப்போது கதர்த்தொழிலின் இதயம். 1925இல் தோன்றிய அனைத்திந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்தே இயங்கியது. 1932இல் குமரன் கொடி காத்து உயிர் நீத்த மண்ணும் அதுவே. தாராபுரம் வட்டத்துக் குண்டடம் போன்ற வானம் பார்த்த ஊர்களில், மழை பொய்த்த ஆண்டில் இராட்டையும் தறியுமே கஞ்சிக்கு வழி. இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைத்துணிக்குச் சலுகை வழங்கிய வணிக உடன்பாட்டை 1939இல் மத்தியச் சட்டப்பேரவை நிராகரித்தது. ஆயினும் அரசு அதை நடைமுறைப்படுத்தியது. தில்லியில் முடிவாகும் வரிவிகிதம் குண்டடத்து நெசவாளியின் அடுப்பைத் தொட்டது. அந்நெசவாளிக்கோ பெரும்பாலும் வாக்குரிமை இல்லை. வாக்கில்லாதவர்க்காகவும் கேட்பவனே மெய்யான சார்பாளன் என்பதை அக்காலத்து உறுப்பினர்கள் உணர்ந்திருந்தனர்.

பதவியும் பணியும்

1936இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகச் சத்தியமூர்த்தி தேர்ந்தெடுக்கப்பட்டார், காமராசர் செயலாளரானார். 1937 சென்னை மாகாணத் தேர்தலில் தாம் நிற்கவிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராசாசிக்கு விட்டுக்கொடுத்தார். மாகாண ஆட்சியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தில்லியில் தம் பணியைத் தொடர்ந்தார். 1940இல் தம் தொண்டர் காமராசர் தலைவரானபோது, அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற அவர் தயங்கவில்லை.

1939இல் சென்னை மாநகர மேயரானார். நகரத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்கக் கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைய முயன்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்நீர்த்தேக்கம் 1944இல் நிறைவுற்றது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருடைய நிலைப்பாடுகள் அனைத்தையும் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. தேவதாசி முறை ஒழிப்பை அவர் எதிர்த்தார். மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் அவ்வெதிர்ப்பை அஞ்சாது மறுத்து நின்றார். 1947இல் சட்டம் அம்மையாரின் பக்கம் நின்றது. கேள்வி கேட்பவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இறுதிப் பயணம்

1939 செப்டம்பரில் மக்கள் சார்பாளர்களைக் கலக்காமலேயே இந்தியாவைப் போரில் இணைத்தார் வைசிராய். எதிர்ப்பைக் காட்டக் காங்கிரசு உறுப்பினர்கள் அவைக்குச் செல்லாதிருந்தனர். 1940 நவம்பரில் மீண்டும் சென்று, போர்ச்செலவுக்கான நிதி மசோதாவை நிராகரிப்பதில் பங்கேற்றனர். வைசிராய் தம் தனியதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். கேள்விக்கும் வாக்குக்கும் செவிசாய்க்காத அரசை எதிர்த்துத் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சத்தியமூர்த்தி சிறை சென்றார்.

1942இல் மீண்டும் கைதானார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பயணத்தில் அவருடைய முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. நோய் முற்றிய நிலையில் சென்னை பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1943 மார்ச்சு 28ஆம் நாள் இயற்கை எய்தினார். விடுதலைக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

விட்டுச்சென்ற மரபு

விடுதலை பெற்ற நாட்டிலும் அவர் கூர்தீட்டிய கருவிக்கு வேலை இருந்தது. 1948இல் காசுமீரப் போரையொட்டி இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஜீப் கொள்முதல் நாடாளுமன்றத்தில் கடுமையான கேள்விகளுக்கு உள்ளானது. ஆள்வோர் நம்மவரானபோதும் கணக்குக் கேட்கும் கடமை நீங்கவில்லை.

தளவாடங்களை நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற வேட்கையும் மெல்லக் கனிந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் திருச்சிராப்பள்ளியில் படைக்கலத் தொழிற்சாலையும் எழுந்தன. 2019இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் பெருவழியில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்கள் இடம்பெற்றுள்ளன. அத்தொழில்களால் எத்தனை இளைஞர்க்கு வேலை கிடைத்தது, எந்தத் தரத்தில், எந்தக் கூலிக்கு என்பன இனித் தொடர்ந்து கேட்கப்பட வேண்டியவை.

கேட்பதற்குரிய வாயில்கள் இன்று பெருகியுள்ளன. வயது வந்த அனைவர்க்கும் வாக்கு உண்டு. ஊர்தோறும் கிராமசபை கூடுகிறது. 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எண்ணை அறிந்து, ஆவணத்தைப் படித்து, சினமின்றிச் சுருங்கக் கேட்டு, விடை வரும்வரை விடாதிருத்தல் சத்தியமூர்த்தி காட்டிய நெறி. அதைக் கைக்கொள்ளப் பதவி தேவையில்லை. படிப்பும் துணிவும் போதும்.