ஏடிபியைக் கண்டறிந்த சென்னை மருத்துவ மாணவர்: எல்லாப்ரகடா சுப்பாராவ் யார்?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு கிரியேட்டின் பவுடர் தெரியாமல் இருக்காது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘பாஸ்பரஸ்’ என்று ஒரு வரி வருவதையும் பார்த்திருப்பீர்கள். யானைக்கால் நோயைத் தடுக்க அரசு கொடுக்கும் டிஇசி மாத்திரையைச் சிலர் விழுங்கியும் இருப்பார்கள். மூன்றையும் பின்தொடர்ந்து போனால் ஒரே மனிதரிடம் போய் நிற்போம்: எல்லாப்ரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். இன்று அது ஆந்திரா, அன்று சென்னை மாகாணம். படிப்பில் சூரப்புலி என்றெல்லாம் சொல்ல முடியாது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை அறைக்கே கதர் அங்கியில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது.

அதற்குள் வீட்டில் இன்னொரு அடி. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாமல், ரத்தம் குறைந்து மெலிய வைக்கும் ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவர் பலியானார்கள். சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்திக்கொண்டிருந்த சுப்பாராவ், மாமனாரின் உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவி இங்கேயே இருந்தார். அவர் திரும்பி வரவே இல்லை.

நீலம் ஏன் தாமதமாக வந்தது?

பாஸ்டனில் செலவுக்குப் பணம் இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்கேவின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எளிய வழி தேவைப்பட்டது. 1925-ல் இருவரும் வெளியிட்ட முறை இதுதான்: அமிலத்தோடு மாலிப்டேட் என்ற உப்பைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு ரசாயனத்தை ஊற்றினால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட்டும் அவ்வளவு. அவ்வளவுதான்.

இதே சோதனையைத் தசைச் சாற்றில் செய்தபோது ஒரு விசித்திரம். நீலம் உடனே வரவில்லை; கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவது என்றால் சோதனை சொதப்பிவிட்டது என்று கீழே கொட்டியிருப்பார்கள். அவர்கள் விடவில்லை. தசையில் பாஸ்பேட் தனியாக இல்லை, வேறெதனோடோ சேர்ந்திருக்கிறது. அமிலம் பட்டதும் மெதுவாகக் கழன்று வருகிறது என்று புரிந்தது. கூட இருந்தது கிரியேட்டின். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் உலகத்துக்குத் தெரியவந்தது. தசை வேலை செய்தால் அது குறைந்தது. ஓய்வெடுத்தால் மறுபடி நிறைந்தது.

இது ஏன் பெரிய விஷயம்? தசையை இயக்குவது லாக்டிக் அமிலம்தான் என்று அப்போது நம்பினார்கள். தசை ஆய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. அந்த நம்பிக்கை இங்கே ஆட்டம் காண ஆரம்பித்தது.

1929-ல் அடுத்தது: அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. ஒரு மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்றிலும் எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீரோடு வினைபுரிந்து கடைசி பாஸ்பேட் கழன்றால் நிலைமை தளர்கிறது, ஆற்றல் வெளிப்படுகிறது. (பிணைப்பு உடைவதுதான் ஆற்றல் தருகிறது என்று சொல்வது பாதி உண்மை, புதிதாக உருவாகும் பிணைப்புகளையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.) நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் முடிவில் இந்த மூலக்கூறைத் திரும்ப நிரப்பத்தான் பெரும்பாலும் செலவாகின்றன. கையில் இருக்கும் இருப்பு கொஞ்சம்தான். அதையே திரும்பத் திரும்ப ‘சார்ஜ்’ செய்வதால் ஒரு நாளில் புழங்கும் ஏடிபி கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்கு வருகிறது. படிக்கட்டில் திடீரென்று ஓடும்போது முதல் சில விநாடிகளுக்கு அந்த சார்ஜைத் தருவது பாஸ்போகிரியேட்டின்.

அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைக் கண்டறிந்து முந்திக்கொண்டார். பல பாடநூல்களில் அவர் பெயர் மட்டும்தான். ஹார்வர்டிலும் ஃபிஸ்கேவின் பெயரே முன்னால் நின்றது. சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவருடைய சில கண்டுபிடிப்புகள் வெளியே வரவிடாமல் தடுக்கப்பட்டதால் பிறகு மற்றவர்கள் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அதே ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். ஹிட்சிங்ஸ் 1988-ல் நோபல் வாங்கியவர். சுப்பாராவோ தன் பெயருக்காகச் சண்டை போட்டவர் இல்லை. அது நல்ல குணம்தான், ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

மருந்துக் கம்பெனியில்

1940-ல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தானது. டிஇசி மருந்தும் அங்கேதான் வந்தது.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து செல்லை ஏமாற்றும் மூலக்கூறுகளையும் அந்தக் குழு செய்தது. செல் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். போலியை எடுத்துக்கொண்டால் பெருக்கம் நின்றுவிடும். அதில் ஒன்றான அமினாப்டெரினை, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த முடிவுகள் 1948 ஜூனில் வெளியாயின.

ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. அமினாப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டை இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். இந்திய அஞ்சல் துறை 1995-ல் அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.