ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ்... காந்தியின் கடைசி நாள் முதல் ரமணரின் கடைசி நாள்கள் வரை! யார் இந்த ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன்?

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு, பழுவேட்டரையர்களின் ஊர்ப் பக்கம் என்று சொன்னாலே போதும். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் இந்தக் கோயில் வாசலில் பூ கட்டுகிற ஒரு பாட்டியைப் புது மிரர்லெஸ் கேமராவில் படம் எடுத்துப் பாருங்கள். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் என்றால் படம் ஷேக் ஆகியிருக்கும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்திருக்கும். ஃபிளாஷ் போட்டாலோ பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதற்கு போட்டோகிராபர்கள் சொல்லும் முதல் தீர்வு, கைக்கு அடக்கமான ஒரு பிரைம் லென்ஸ். அப்படி ஒரு சின்ன லென்ஸோடு உலகம் முழுக்கச் சுற்றி, இந்திய வரலாற்றின் முக்கியமான சில தருணங்களையும் படமாக்கியவர்தான் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன்.

முதலில், பிரைம் லென்ஸ் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், ஜூம் இல்லாத லென்ஸ். 50 எம்எம் என்றால் 50 மட்டும்தான். கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஆனால், அதற்கு ஈடாக இரண்டு லாபம் உண்டு. ஒன்று, லென்ஸ் சின்னதாக, எடை குறைவாக இருக்கும். இரண்டு, வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடும். கிட் லென்ஸ் ஜூம் செய்த நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால்தான் இதை ஃபாஸ்ட் லென்ஸ் என்கிறார்கள்.

ஓவியம் படிக்கப் போனவர்

கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1908 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு அருகிலுள்ள சாந்தலூவில் பிறந்தார். நூல் தயாரிப்புத் தொழிலில் பேர் பெற்ற வசதியான குடும்பம். மூத்த பிள்ளை குடும்பத் தொழிலைப் பார்ப்பார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவரோ ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படிக்கப் போய்விட்டார். ஒரு சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டது அங்கேதான்.

1931இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போனவர், கடும் காய்ச்சலில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். அந்த நேரத்தில்தான் மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் டாங்கனிக்கா ஏரி அலைக்குள் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால், ஒரு நொடியை இப்படிப் பிடித்து வைக்க முடியுமா என்ற வியப்பு அவரை விடவில்லை. 1932இல் மார்செய் நகரில் ஒரு லைக்கா கேமராவை 50 எம்எம் லென்ஸோடு வாங்கினார்.

லைக்கா சந்தைக்கு வந்து அப்போது ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் பலர் பெரிய பெட்டி போன்ற கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. லைக்காவோ கோட் பையில் அடங்கிவிடும். அதன் ஃபிலிம் சட்டத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. இன்று ஃபுல் ஃப்ரேம் என்று நாம் சொல்லும் சென்சாரின் அளவும் அதேதான்.

கேமராவின் பளபளப்பான பாகங்களை அவர் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். தான் நிற்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் எண்ணம். எடுத்த படத்தை ஓரத்தில் வெட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. அபூர்வமான விதிவிலக்கு, அதே 1932இல் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் புகழ்பெற்ற படம்.

மண்ணுக்குள் புதைத்த கேமரா

இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தின் படப் பிரிவில் சேர்ந்தார். 1940இல் ஜெர்மானியர்களிடம் பிடிபடுவதற்கு முன்பு தன் லைக்காவை ஒரு பண்ணையில் புதைத்துவிட்டார். அடுத்த 35 மாதங்கள் போர்க்கைதி வாழ்க்கை. இரண்டு முறை தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது முறை, 1943இல், தப்பினார். பிறகு போய் அந்தக் கேமராவைத் தோண்டி எடுத்தார்.

அவர் இறந்துவிட்டதாகவே நினைத்து, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சிக்குத் தயாரானது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது. 1947இல் திறக்கப்பட்ட அந்தக் கண்காட்சிக்கான படங்களை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதே ஆண்டு ராபர்ட் கேப்பா உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். பங்கு பிரித்தபோது இவருக்கு வந்தது ஆசியா.

டெல்லி, 1948 ஜனவரி 30

அன்று பிற்பகல் பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்து, நியூயார்க் கண்காட்சியின் கேட்லாக்கைக் காட்டினார். அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார். பதறிப்போய்த் திரும்பி வந்தார்.

அன்றிரவு மாளிகை வாசலில் ஏறி நின்று, காந்தி இறந்துவிட்டதை மக்களிடம் சொல்கிறார் நேரு. தெருவிளக்கின் வெளிச்சம் மட்டும்தான். அந்தப் படம் ஷார்ப்பாக இல்லை. ஆனால், அந்த இரவின் இருட்டும் தவிப்பும் அதில் அப்படியே இருக்கின்றன.

அதே இரவு, அமெரிக்காவின் லைஃப் இதழுக்காக வந்திருந்த மார்கரெட் போர்க்-வைட், காந்தியின் உடல் இருந்த அறைக்குள் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தார். துக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போய் அவரை வெளியேற்றினார்கள். அவரும் காந்தியைப் பலமுறை படமெடுத்த பெரிய கலைஞர்தான். ஆனால், துக்க வீட்டில் ஒரு ஃபிளாஷ் என்ன செய்யும் என்பதற்கு அந்த இரவே சாட்சி. கார்ட்டியே-பிரெஸ்ஸோன் ஃபிளாஷை மரியாதைக் குறைவாகவே நினைத்தவர்.

தமிழ் மண்ணில் ஒரு ஏப்ரல்

1950இல் அவர் திருவண்ணாமலை வந்தார். கையில் புற்றுநோய்க் கட்டியோடு, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, ரமண மகரிஷி கடைசி நாள்களில் இருந்தார். அந்த முகத்தை கார்ட்டியே-பிரெஸ்ஸோன் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது, வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மெதுவாக நகர்ந்ததைத் தானும் பார்த்ததாக அவர் பதிவுசெய்திருக்கிறார்.

அதே மாதம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பல ஆண்டுகளாகத் தனிமையில் இருந்த அரவிந்தரைப் படமெடுக்க அனுமதி கிடைத்தது. அந்த டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். இன்று நாம் பார்க்கும் முதிய அரவிந்தரின் முகம் அந்த ஏப்ரலில் பதிவானதுதான்.

சாகப்போகிறவரின் அருகிலும், அழுகிறவர்களின் நடுவிலும் கேமராவோடு நிற்பது எளிதல்ல. படமும் வேண்டும், அவர்களுக்குத் தொந்தரவும் கூடாது. கையளவு கேமரா, சத்தமில்லாத ஷட்டர், சின்ன லென்ஸ் இதற்கு உதவின.

லென்ஸ்தான் காரணமா?

முழுக்க இல்லை. ஆரம்பகால லைக்காவில் வந்த எல்மார் லென்ஸ் எஃப் 3.5தான். இன்றைய கிட் லென்ஸும் ஜூம் செய்யாத நிலையில் ஏறக்குறைய அவ்வளவு திறக்கும். அன்றைய ஃபிலிமோ இன்றைய சென்சாரை விடப் பல மடங்கு மந்தமானது. எஃப் 2 போன்ற ஃபாஸ்ட் லென்ஸ்கள் பிறகுதான் அவர் கைக்கு வந்தன. 35, 90 எம்எம் லென்ஸ்களையும் அவ்வப்போது பயன்படுத்தினார். ஆனாலும் திரும்பத் திரும்ப வந்தது 50க்குத்தான். ஒரே கோணத்தில் பல வருடம் பார்த்துப் பழகியதால், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே சட்டத்துக்குள் என்ன வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1952இல் வந்த அவரது புத்தகம் ஆங்கிலத்தில் தி டிசைசிவ் மொமன்ட் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. 1970களில் தொழில்முறைப் புகைப்படத்தைக் கைவிட்டு, இளமையில் விட்ட ஓவியத்துக்கே திரும்பினார். 2004 ஆகஸ்ட் 3 அன்று, 95 வயதில் மறைந்தார்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

இஎம்ஐ போட்டு லென்ஸ் வாங்குவதற்கு முன்பு ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். இருக்கிற ஜூம் லென்ஸை ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 50, ஏபிஎஸ்-சி என்றால் 35. கிட்டத்தட்ட ஒரே பார்வைதான் கிடைக்கும். கேமராவே இல்லையா? மொபைலின் மெயின் லென்ஸும் ஒரு பிரைம்தான். ஜூம் பண்ணாமல் நடந்து போய் எடுங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் வெளிச்சம்தான் பிரச்சினை என்று தோன்றினால், எஃப் 1.8 வாங்குவதில் தப்பில்லை. ஆனால், பூ கட்டுகிற பாட்டியிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எடுக்கத் தயக்கமாக இருந்தால், பிரச்சினை லென்ஸில் இல்லை.