கூச்சத்தை வென்ற லில்லியன் கில்பிரெத்

நாம் எப்படிப்பட்டவர் என்னும் எண்ணம் நமக்குள் தானாகவே தோன்றுவதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் தோழியரும் நம்மை எவ்வாறு காண்கின்றனரோ, பெரும்பாலும் அவ்வாறே நாமும் நம்மை மதிப்பிடத் தொடங்குகிறோம். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் இதே நிலைதான். இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டறிந்த உளவியல் மேதை லில்லியன் கில்பிரெத் அம்மையார்.

இவர் 1878ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்டு நகரில் பிறந்தார். சிறுவயதில் கூச்சம் மிகுந்தவர். தாம் அழகற்றவர் என்றே எண்ணி வந்தார். பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்பது தந்தையின் கருத்து. மகளோ விடாது வேண்டி அவரது இசைவைப் பெற்றார். 1900இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றிய முதல் மாணவி யார் தெரியுமா? அந்தக் கூச்சம் மிகுந்த லில்லியன்தான்!

1904இல் பிராங்க் கில்பிரெத் என்பவரை மணந்தார். கணவர் தொழிலாளரின் கை அசைவுகளை ஆராய்ந்தார். மனைவியோ அவர்களின் மனத்தை ஆராய்ந்தார். ஒவ்வொரு தொழிலாளியையும் தனி மனிதராகக் காண வேண்டும். அவரவர் வேலையைத் தனித்தனியே கணக்கிட்டு, தகுதிக்கேற்ற பலன் அளிக்க வேண்டும் என்று நிர்வாக உளவியல் பற்றிய தம் நூலில் எழுதினார். அந்நூல் 1914இல் வெளிவந்தது. ஆசிரியர் பெண் என்பது தெரியக்கூடாதென்று பதிப்பாளர் அவர் பெயருக்கு முதலெழுத்துக்களை மட்டுமே அச்சிட்டார்! மறு ஆண்டே பிரவுன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

1924இல் கணவர் திடீரென மறைந்தார். வீட்டிலோ 11 பிள்ளைகள்! கணவரோடு தொழில் செய்த நிறுவனங்கள் பல, பெண் என்ற காரணத்தால் அவருக்கு வேலை தர மறுத்தன. அம்மையார் தளரவில்லை. பெண்ணுக்குரிய இடம் சமையலறை என்று உலகம் சொன்னபோது, அச்சமையலறையையே ஆராய்ச்சிக் கூடமாக்கினார். அடுப்பையும் தொட்டியையும் அலமாரியையும் எங்கே அமைத்தால் வீண் நடை குறையும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பெரிய நிறுவனங்கள் அவரது ஆலோசனையை நாடின. 1935இல் பர்டியூ பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவின் முதல் பெண் பேராசிரியரானார். 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் இவரே. 1972ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், தம் 93ஆம் வயதில் காலமானார்.

அன்புத் தோழியரே! தந்தையும் பதிப்பாளரும் முதலாளிகளும் லில்லியனிடம் கண்டது ஒரு பெண்ணை மட்டுமே. அவரோ தம் திறமையைக் கண்டார். தொழிலாளர் கூட்டத்திலும் தனித்தனி மனிதரைக் கண்டார். நம் வகுப்பிலும் பேசாத ஒருத்தியை ஒன்றும் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாளடைவில் அவளும் அதை நம்பிவிடுகிறாள். அவளோடு சற்று அமர்ந்து பேசிப் பார்ப்போமா?