குமிழிகளுக்கு மணி கட்டியவர்

உயர்தர உயிரியலில் ஒளித்தொகுப்பு வந்தால் ஐதரில்லாவும் கூடவே வந்துவிடும். முகவையில் நீர், புனலால் மூடிய பூண்டு, மேலே கவிழ்த்த சோதனைக்குழாய். வெயில் பட்டதும் ஒட்சிசன் குமிழிகள் எழும், நாம் எண்ணுவோம். புசல்லாவையில் அதற்கு முதலில் மூடுபனி விலகவேண்டும்! இதே பூண்டைக் கல்கத்தாவில் பருவம் பருவமாக அவதானித்த ஒருவரைப் பற்றியே எழுதுகின்றேன்.

ஜகதீஸ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 இல் வங்காளத்தில் பிறந்தார். தந்தை அரச அதிகாரி. அவர் நிலையில் இருந்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்ப, அவரோ மகனைத் தாய்மொழிப் பாடசாலையில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் பணியாளரின் மகன். மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகன். பறவைகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கைமீது தமக்கு ஆவலூட்டியிருக்கலாம் எனப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படித்தால் பிள்ளையின் எதிர்காலம் என்னவாகுமோ என்று கவலைப்படும் பெற்றோர் இவ்விடத்தில் சற்று நிற்கலாம்.

கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பி, 1885 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கினார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளம். அவர் வேலையை விடவில்லை. அந்தச் சம்பளத்தைத் தொடவுமில்லை. மூன்று வருடங்கள் அப்படியே பாடம் நடத்தினார். தந்தையின் கடன் வேறு. இதற்கிடையே 1887 இல் அபலாவை மணந்தார். வங்காளத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காததால் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அபலா. உடல்நலக் குறைவால் முடிக்க இயலவில்லை. (அவரைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) இறுதியில் முழுச் சம்பளமும் நிலுவையுடன் கிடைத்தது.

1895 இல் கம்பியில்லா அலைகளால் தூரத்து மணியை ஒலிக்கச் செய்தவர், பின்பு தாவரங்களின் பக்கம் திரும்பினார். 1917 இல் தம் ஆய்வு நிலையத்தையும் நிறுவினார்.

இலைக் கலங்களிலுள்ள பச்சையவுருமணிகள் ஒளியைப் பிடித்து, அச்சக்தியால் நீரைப் பிரித்து, காபனீரொட்சைட்டிலிருந்து வெல்லம் ஆக்குகின்றன. ஒட்சிசன் வெளியேறுகின்றது. அதை அளந்தால் உணவு தயாராகும் வேகம் தெரியும். எங்களூர்த் தேயிலையில் கொழுந்தை மட்டும் எடுத்து, முதிர்ந்த இலைகளை விட்டுவைப்பதும் இதனால்தான். அடுத்த கொழுந்துக்குச் சாப்பாடு அங்கேதான் தயாராகின்றது.

கண்ணால் எண்ணுவதில் போஸுக்குத் திருப்தியில்லை. குமிழி வெளியேறும்போது மின்சுற்று மூடி மணியடிக்கவும், சுழலும் உருளையில் புள்ளி விழவும் ஒரு கருவி அமைத்தார். முகில் மறைத்தால் மணியோசை தளரும்.

கோடையில் எடுத்த ஐதரில்லா, மாரியில் எடுத்ததைப் போல நடக்கவில்லை. அதன் சாற்றில் அமிலம் கூடுதலாக இருந்தது. மலிக்கமிலத்தைப் பயன்படுத்தியும் அது ஒட்சிசனை வெளியிட்டது. இதை மறைக்காமல் 1924 இல் வெளியிட்ட ஒளித்தொகுப்பு நூலில் எழுதிவைத்தார். அன்று அதற்கு விளக்கம் இருக்கவில்லை.

1937 நவம்பர் 23 இல் அவர் மறைந்தார். நாம் பாடத்தில் படிக்கும் சீ4 வழிமுறை தெளிவானது 1960களில்தான். வெப்பமான, காபனீரொட்சைட்டு குறைந்த நீரில் ஐதரில்லாவும் அவ்வகை வழிமுறைக்கு மாறுகின்றது என்று அதற்கும் பிறகே கண்டார்கள். அதில் முதலில் உருவாகும் நாற்காபன் சேர்வைகளுள் ஒன்று, அதே மலிக்கமிலம்.