கலந்தாலோசனையின் காவலர் மௌலானா ஆசாத்

மக்களைக் கலந்து ஆள்வதா, அடக்கி ஆள்வதா என்னும் வினா அரபு நாடுகளில் இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள்.

அன்னார் 1888 நவம்பர் 11 அன்று புனித மக்காவில் பிறந்தார். தாயார் அரபுப் பெண்மணி. பின்னர் குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. 1908இல் இராக், எகிப்து, சிரியா, துருக்கி சென்றதாகத் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது முப்பதாண்டுகள் முடக்கி வைத்த அரசியல் சட்டம் துருக்கியில் மீண்டும் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. இந்திய முஸ்லிம்கள் விடுதலை இயக்கத்தில் ஒதுங்கி நிற்பதேன் என்று அங்குள்ள போராளிகள் வியந்தனராம்.

தாயகம் திரும்பி, 1912இல் ‘அல் ஹிலால்’ உருது வார இதழைத் தொடங்கினார். 1914இல் அரசு நெருக்கடியால் அது நின்றது. 1916இல் வங்காளத்தினின்று வெளியேற்றப்பட்டு, ராஞ்சியில் 1919 இறுதிவரை காவலில் வைக்கப்பட்டார்.

1922இல் கல்கத்தா நீதிமன்றத்தில் அவர் எடுத்துரைத்த வாதம் நாம் மறக்கலாகாதது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் நேர்வழி நின்ற கலீஃபாக்களும் நடத்தியது கலந்தாலோசனை ஆட்சி. தனிமனித எதேச்சாதிகாரத்தை இஸ்லாம் ஏற்பதில்லை. முஸ்லிம் மன்னரின் கொடுமையையே எதிர்க்கக் கடமைப்பட்டோர் அந்நியரின் கொடுமையைப் பொறுத்திருக்க இயலாது என்றார். ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 1943இல் துணைவியார் மறைந்தபோதும் அன்னார் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில்தான் இருந்தார். அரசிடம் எவ்விதச் சலுகையும் வேண்டவில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரான அவர், 1952, 1957 பொதுத் தேர்தல்களில் மக்கள் வாக்கால் வென்றே அப்பதவியில் தொடர்ந்தார். 1958 பிப்ரவரி 22 அன்று வஃபாத்தானார்.

எகிப்தில் 1952இலும் இராக்கில் 1958 ஜூலையிலும் படையினர் மன்னராட்சியை வீழ்த்தினர். ஆயினும் அதிகாரம் மக்களிடம் வந்து சேரவில்லை. 2011 எழுச்சிக்குப்பின் எகிப்து மக்கள் 2012இல் தேர்ந்தெடுத்த அதிபரையும் மறு ஆண்டே படையினர் அகற்றினர். ஆள்பவர் மாறினால் மட்டும் போதாது. கேட்கும் வழக்கமும் விடையளிக்கும் வழக்கமும் வேரூன்ற வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

அவ்வழக்கம் மஹல்லாவில் தொடங்குகிறது. செக்காலை ஜமாஅத்தார்களாகிய நாம், பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது கவனித்துக் கேட்போம். ஐயமிருப்பின் கண்ணியமாக வினவுவோம். நிர்வாகிகள் முகம் சுளியாது விடையளிக்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.